ஈயடிச்சான் காப்பியும் பதினோரு நோன்பும்

ஊரில் இருந்தவரைக்கும் கடைக்குப் போறதுன்னா எனக்கு ரெண்டே கவலைதான். உம்மா சொன்ன சாமான் எதையும் மறந்துடக்கூடாது, மீதிச் சில்லறையைச் சரியா எண்ணி வாங்கணும். காயல்பட்டினத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டையாவது திருப்பிப் பின்பக்கம் படிச்சதா ஞாபகம் இல்லை. ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்க வந்தப்புறம் எல்லாம் தலைகீழ். முன்பக்கத்தில் என்ன படம் போட்டிருக்கான்னுகூடப் பார்க்கிறதில்லை. நேரா பின்பக்கம்தான்.

ட்ரெஸ்டனில் ஏதாவது சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி அலமாரிக்கு முன்னாடி, பாக்கெட்டை மூக்குக்குப் பக்கத்தில் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் அஞ்சு நிமிஷமா நிக்கிறான்னா அது அநேகமா நான்தான். ஒருநாள் ஒரு பாட்டி பக்கத்தில் வந்து, "கண்ணாடியை வீட்ல விட்டுட்டியா? நான் படிச்சுச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டாங்க. நல்ல மனுஷி :-)

அப்படி என்னத்தைத் தேடுறேன்னு கேட்டீங்கன்னா, ஈ. பறக்கிற ஈ இல்லை. ஈ471, ஈ920 மாதிரியான ஈ. ஐரோப்பாவில் அனுமதிச்ச ஒவ்வொரு உணவுச் சேர்க்கைப் பொருளுக்கும் ஒரு எண் கொடுத்திருக்காங்க. ஈ என்றால் ஐரோப்பா. நூறுகளில் நிறமிகள், இருநூறுகளில் கெட்டுப்போகாமல் காப்பவை, நானூறுகளில் கெட்டிப்படுத்துபவை, எண்ணெயையும் தண்ணியையும் பிரியவிடாமல் பிடிச்சுவைப்பவை, இப்படிப் போகும். ஹலால் பார்த்துச் சாப்பிடுற எவனுக்கும் இங்கே வந்த முதல் வாரமே இந்த எண்களோட சகவாசம் ஆரம்பிச்சுடும்.

எனக்கு அந்தச் சகவாசம் குடும்ப வாட்ஸப் குழு வழியா வந்தது. துபாயில் இருக்கும் மாமா ஒருத்தர் அனுப்பினார். "கீழ்க்கண்ட எண்கள் இருந்தால் அதில் பன்றிக்கொழுப்பு உள்ளது. அனைவருக்கும் பகிரவும்." கீழே ஈ100-இல் ஆரம்பிச்சு ஈ904 வரைக்கும் வரிசையா எண்கள். எண் மட்டும்தான். எந்தப் பொருள், ஏன், எதுக்குன்னு ஒரு வரி கிடையாது. நான் அதைப் படம் பிடிச்சு கைபேசியில் வச்சுக்கிட்டேன். கடையில் பாக்கெட்டை ஒரு கையில், கைபேசியை இன்னொரு கையில் பிடிச்சு ஒப்பிட்டுப் பார்ப்பேன். எண் இருந்தா ஹராம், இல்லைன்னா ஹலால். வேலை சுலபமா முடிஞ்சுது.

இனிமேதான் நான் சொல்லவந்த விஷயம். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

எனக்கு ஒரு செமஸ்டர் பின்னாடி பள்ளப்பட்டியிலிருந்து ஒரு தம்பி வந்தான். வீட்டில் கடன் வாங்கி அனுப்பின பையன். பார்சல் கிடங்கில் பகுதிநேர வேலை, மிச்ச நேரம் வகுப்பு. 2025 ரமலான் அவனுக்கு இங்கே முதல் ரமலான். சஹருக்குச் சமைச்சுச் சாப்பிட அவனுக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. ஒரு யூரோ சொச்சத்துக்குக் கிடைக்கிற டோஸ்ட் ரொட்டி, ரெண்டு முட்டை, ஒரு வாழைப்பழம். இதுதான் அவனோட சஹர். பதினோரு நாள் அப்படியே ஓட்டிட்டான்.

பதினோராவது நாள் நோன்பு திறக்க என் அறைக்கு வந்தான். நான் கஞ்சி காய்ச்சியிருந்தேன். அவன் பங்குக்கு ஏதாவது கொண்டுவரணும்னு அந்த ரொட்டிப் பாக்கெட்டைக் கொண்டுவந்திருந்தான். நான் என்ன பண்ணினேன்? வாங்கின கையோட திருப்பிப் பார்த்தேன். ஈ471. படத்தைத் திறந்தேன். இருக்கு. "தம்பி, இதுல பன்னிக்கொழுப்பு இருக்கு. இதையா தின்னுட்டு இருந்தே?"

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எத்தனை வினாடி ஆகியிருக்கும்? மூணு? அவன் கஞ்சிக் கோப்பையைக் கீழே வச்சுட்டான். "அப்ப இத்தனை நாள் வச்ச நோன்பு, அண்ணே?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியலை. அவனே ஊருக்குப் போன் போட்டு அவங்க தெரு ஹஜ்ரத்திடம் கேட்டான். "தெரியாமச் சாப்பிட்டதுக்குக் குத்தம் இல்லை, நோன்பு நோன்புதான்"னு அவர் தெளிவாச் சொல்லிட்டார். ஆனா பையன் மனசு கேட்கலை. பன்னிக்கொழுப்பைத் தின்னுட்டா அல்லாஹ்கிட்ட கையேந்தினேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தான். மிச்ச ரமலான் முழுக்கப் பேரீச்சம்பழமும் தண்ணியும்தான் அவன் சஹர்.

அதோட முடியலை. ஜூன் மாசம் அந்தப் பதினோரு நோன்பையும் களாவா வச்சான். ஜூனில் இங்கே சூரியன் மறைய ராத்திரி ஒன்பதே கால் ஆகும். சஹருக்கு ரெண்டு மணிக்கெல்லாம் எழுந்தாகணும். பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு, கிடங்கில் பெட்டி தூக்கிக்கிட்டு வச்சான். நான் அவனோட பேணுதலை நினைச்சுப் பெருமைப்பட்டேன். நாலு பேர்கிட்ட சொல்லியும் காட்டினேன்.

ஜூலையில் என் அறைத்தோழன் அந்தப் பெருமையைப் போட்டு உடைச்சான். அவன் ஸ்ரீரங்கத்துக்காரன். முட்டை வாசனைகூட ஆகாது. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போவோம். எனக்குப் பன்றியும் சாராயமும் கூடாது, அவனுக்கு உயிருள்ள எதுவும் கூடாது. ரெண்டு பேரையும் தாண்டி ஒரு பொருள் கூடைக்குள் விழுந்துச்சுன்னா அது சொக்கத்தங்கம். அன்னைக்கு என் கைபேசியை வாங்கிப் பட்டியலைப் பார்த்தவன் சிரிக்க ஆரம்பிச்சுட்டான்.

"டேய், உன் லிஸ்ட்ல முதல் நம்பர் ஈ100. அது என்னன்னு தெரியுமா?"

"தெரியாது."

"மஞ்சள்டா. குர்குமின். உங்க உம்மா மீன்குழம்புல போடுற மஞ்சள்."

அப்புறம் ஒவ்வொண்ணாப் பார்த்தோம். ஈ140 பச்சையம், அதாவது கீரையோட பச்சை. ஈ270 லாக்டிக் அமிலம். தயிர் புளிக்குதே, அந்தப் புளிப்பு. தொழிற்சாலையில் சர்க்கரையைப் புளிக்கவச்சுச் செய்வாங்க. மஞ்சள், கீரை, தயிர்ப் புளிப்பு, மூணும் பன்றிக்கொழுப்பாம்! நான் படிக்கிறது கெமிக்கல் இன்ஜினியரிங். வெளியே சொன்னா வெட்கக்கேடு.

அன்னைக்கு ராத்திரியே அந்த ரொட்டிக் கம்பெனிக்கு நாலு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். நாலே நாளில் பதில் வந்தது. எங்கள் ரொட்டியில் உள்ள ஈ471 ராப்ஸ் எண்ணெயிலிருந்தும் பாம் எண்ணெயிலிருந்தும் செய்யப்படுகிறது, விலங்குக் கொழுப்பு எதுவும் இல்லைன்னு. ராப்ஸ் என்பது கடுகுக் குடும்பத்துச் செடி. வசந்த காலத்தில் இங்கே ரயிலில் போனா ரெண்டு பக்கமும் மஞ்சளாப் பூத்துக் கிடக்கும்.

நாலு வரி, நாலு நாள். இதை மார்ச்சிலேயே பண்ணியிருக்கலாம். பண்ணலை.

இப்போ கொஞ்சம் வேதியியல். பயப்படாதீங்க, சுருக்கமாச் சொல்லிடறேன். எண்ணெயோ கொழுப்போ எதுவானாலும் ஒரு கிளிசரால், அதில் மூணு கொழுப்பமிலம் தொங்கும். அதோட இன்னும் கொஞ்சம் கிளிசரால் சேர்த்து, இருநூறு டிகிரிக்கு மேலே சூடாக்கினா கொழுப்பமிலங்கள் பங்கு பிரிஞ்சு, ஒண்ணு ரெண்டு தொங்குற மூலக்கூறுகளா மாறும். இதுதான் ஈ471. ரொட்டி சீக்கிரம் காஞ்சுபோகாம மெத்துன்னு இருக்கவும், ஐஸ்கிரீம் வழவழன்னு இருக்கவும் இதைச் சேர்ப்பாங்க. பாம் எண்ணெயிலும் செய்யலாம், மாட்டுக்கொழுப்பிலும் செய்யலாம், பன்றிக்கொழுப்பிலும் செய்யலாம். எதில் செஞ்சாலும் எண் ஒண்ணுதான். ஈ எண் சொல்வது "இது என்ன பொருள்" என்பதை. நமக்கு வேண்டியதோ "இது எதிலிருந்து வந்தது" என்பது. முதல் கேள்விக்கான பதிலை வச்சுக்கிட்டு ரெண்டாவது கேள்விக்குத் தீர்ப்பு எழுதுறதுதான் இந்தப் பட்டியல் பண்ற தப்பு. ஹராம்னு சொல்ற பட்டியல் மட்டும் இல்லை, "ஈ471 ஹலால்தான்"னு ஒரே அடியாச் சொல்ற பட்டியலும் அதே தப்பைத்தான் பண்ணுது.

முஸ்லிம்கள்தான் இப்படி ஏமாறுறாங்கன்னு யாரும் நினைக்க வேண்டாம். 1976-இல் பிரான்சில் தட்டச்சு செஞ்ச ஒரு துண்டுத்தாள் சுத்த ஆரம்பிச்சது. புற்றுநோய் தரும் சேர்க்கைப் பொருள்கள்னு ஒரு பட்டியல். வில்ஜுவிஃப் என்ற ஊரில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனை பேரை அதில் போட்டிருந்தாங்க. மருத்துவமனை "அது எங்களுடையது இல்லை"ன்னு மறுத்தும் பலனில்லை, வருஷக்கணக்காப் பல நாடுகளில் சுத்தினது. அதில் இருப்பதிலேயே மோசமானதுன்னு சொல்லியிருந்தது எது தெரியுமா? ஈ330. சிட்ரிக் அமிலம். எலுமிச்சம்பழத்தில் இருக்கிற அதேதான். உடம்பில் சிட்ரிக் அமிலம் பங்கெடுக்கும் வினைச்சுழற்சிக்கு ஹான்ஸ் கிரெப்ஸ் என்ற விஞ்ஞானியின் பெயர். ஜெர்மன் மொழியில் கிரெப்ஸ் என்றால் நண்டு, புற்றுநோய்க்கும் அதே சொல். பெயரைப் பார்த்து யாரோ குழம்பியதுதான் காரணம்னு ஒரு விளக்கம் உண்டு. வாட்ஸப் இல்லாத காலத்திலேயே, ஜெராக்ஸ் போட்டே இவ்வளவு!

நம்ம ஊரில் இதுக்கு அழகா ஒரு பேர் இருக்கே, ஈயடிச்சான் காப்பின்னு. நோட்டில் ஈ செத்து ஒட்டிக்கிட்டு இருந்தா, இவனும் ஒரு ஈயை அடிச்சு அதே இடத்தில் ஒட்டுவான். நான் அதைத்தான் செஞ்சேன். ஈக்குப் பதில் ஈ471.

உடனே சிலர், "அப்ப எல்லாம் புரளியா? கண்ணை மூடிக்கிட்டு எதையும் தின்னலாமா?"ன்னு கேட்பாங்க. இல்லை. பார்க்கவேண்டியது நிஜமாவே இருக்கு. பட்டியல் அதை மறைச்சுடுதுங்கிறதுதான் என் கோபம்.

உதாரணம் ஜெலட்டின். பட்டியல்கள் எல்லாத்திலும் ஈ441ன்னு இருக்கும். ஐரோப்பிய விதிப்படி ஜெலட்டின் சேர்க்கைப் பொருளே இல்லை, உணவு. அதனால அதுக்கு ஈ எண்ணே கிடையாது. ஈ441ஐத் தேடினா ஆயுசுக்கும் கிடைக்காது. "ஷ்பைஸெகெலட்டினெ"ன்னு எழுத்தில் போட்டிருப்பான். ஐரோப்பாவில் ஜெலட்டினுக்கு முக்கிய மூலப்பொருள் பன்றித்தோல். ரப்பர் மிட்டாய், மார்ஷ்மெல்லோ, சில தயிர் இனிப்புகள், மருந்துக் குளிகைகள்ன்னு எல்லாத்திலும் இருக்கும். பட்டியலை நம்பி எண்ணைத் தேடுறவன் மஞ்சளைத் தூக்கிப் போட்டுட்டு ஜெலட்டினை முழுங்குவான்.

ரொட்டிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பிரெட்ஸெல்லும் அப்படித்தான். தென்ஜெர்மனிப் பக்கம் சில கடைகளில் மாவில் பன்றி நெய்யே சேர்ப்பாங்க. அதுக்கு எண் கிடையாது, ஒட்டின சீட்டும் கிடையாது. வாயைத் திறந்து கேட்கணும்.

ஈ920, சிஸ்டீன். ரொட்டி மாவைப் பதப்படுத்தச் சேர்ப்பது. வாத்து இறகிலிருந்தும் பன்றி முடியிலிருந்தும் எடுக்கலாம். பாக்டீரியாவை வச்சுப் புளிக்கவச்சும் செய்யறாங்க, ஜெர்மன் கம்பெனியான வாக்கர் அப்படிச் செய்வது. மனுஷ முடியிலிருந்து எடுத்ததை உணவில் சேர்க்க ஐரோப்பாவில் அனுமதி இல்லை. ஆக "மனுஷ முடி"ன்னு வரும் பகிர்வுகளையும் இங்கே இருக்கிறவங்க நம்ப வேண்டாம்.

ஈ120, கார்மைன். இந்த ஈ-யில் நிஜமாவே பூச்சி இருக்கு! சப்பாத்திக்கள்ளியில் வளரும் ஒரு பூச்சியைக் காயவச்சு எடுக்கும் சிவப்பு. பெருவிலிருந்துதான் பெரும்பகுதி வருது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பினி டாக்டர் இந்தப் பூச்சிக்காகவே நம்ம சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டிருந்தார்ங்கிறது கொசுறு. இது கூடுமா கூடாதாங்கிறதில் ஆலிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபிகள் பொதுவாக் கூடாதுன்னு சொல்வாங்க, மாலிக்கிகள் பூச்சி விஷயத்தில் தாராளம். இந்தோனேசிய உலமா மன்றம் 2011-இல் கூடும்னு ஃபத்வா கொடுத்தது. ஈ904 நம்ம அரக்கு, அதுவும் பூச்சி தருவதுதான். மிட்டாய் பளபளப்புக்குப் பூசுவாங்க.

ஒரு பொருள் அடியோடு வேறு பொருளா மாறிட்டா அதோட சட்டமும் மாறுமாங்கிற கேள்வி இன்னும் பெரியது. சாராயம் காடியாவது எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம். இதை இஸ்திஹாலான்னு சொல்வாங்க. ஹனஃபிகள் இதை அகலமா எடுத்துக்கிறாங்க, நாங்க ஷாஃபிகள் குறுக்கி எடுத்துக்கிறோம். அந்தத் தர்க்கத்துக்குள் நான் போகலை, அதுக்கு எனக்குத் தகுதி இல்லை. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். இவ்வளவு நுணுக்கமா ஆயிரம் வருஷமாப் பேசின ஒரு மரபு நமக்கு இருக்கு. அதை ஒரு வாட்ஸப் படத்தில் அடைச்சு, எண் இருந்தா ஹராம்னு ஆக்கிட்டோம்.

சரி, தப்பு எங்களோடது மட்டும்தானா? இல்லை. பாக்கெட்டில் உண்மை இருந்தா வதந்திக்கு ஏன் வேலை வருது?

இந்த விஷயத்தில் எனக்கு ஐரோப்பியச் சட்டத்து மேலே நிஜமாவே வருத்தம் உண்டு. ஏன்னா, மூலத்தைச் சொல்ல முடியாதுன்னு இல்லை. ஏற்கனவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. லெசித்தின் சோயாவிலிருந்து வந்திருந்தா பக்கத்திலேயே "சோயா"ன்னு தடித்த எழுத்தில் போட்டாகணும், ஒவ்வாமை உள்ளவங்களுக்காக. 2014 டிசம்பரிலிருந்து வெறும் "தாவர எண்ணெய்"ன்னு போட முடியாது, பாம் எண்ணெயா, சூரியகாந்தியா, ராப்ஸான்னு பேர் சொல்லியாகணும். அதே பாம் எண்ணெயைக் கிளிசராலோட சேர்த்து சூடாக்கி ஈ471ஆ மாத்திட்டா மட்டும் சொல்ல வேண்டாமாம். "தாவரம்", "மாடு", "பன்றி"ன்னு ஒரு சொல். அதுக்கு எவ்வளவு மை செலவாகும்? பழச்சாற்றைத் தெளியவைக்கிற மாதிரி, தயாரிப்பில் மட்டும் உதவும் பொருள்களைச் சொல்லவே வேண்டாம்னும் விதி இருக்கு. அங்கேயும் ஜெலட்டின் நுழையலாம்.

நம்ம நாட்டைப் பல விஷயத்தில் திட்டுவேன், இந்த விஷயத்தில் திட்ட மாட்டேன். பச்சைப் புள்ளியோட அருமை வெளிநாடு வந்தாத்தான் தெரியும். பச்சைப் புள்ளி போட்ட பிஸ்கட்டில் ஈ471 இருந்தா அது விலங்கிலிருந்து வந்ததா இருக்கக் கூடாது, அவ்வளவுதான், கவலை முடிஞ்சுது. அதுவும் முழுசாத் தீர்வு இல்லைன்னு ஒத்துக்கறேன். அசைவக் குறி முட்டைக்கும் அதேதான், பன்றிக்கும் அதேதான். 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் இதைப் பத்தி ஒரு உத்தரவு போட்டது. வெறும் எண்ணைப் போட்டாப் போதாது, ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்தா, ஆய்வகத்தில் செஞ்சதான்னு முழுசாச் சொல்லணும்னு. வழக்குப் போட்டது யாருன்னு நினைக்கிறீங்க? ஒரு பசுப் பாதுகாப்பு அமைப்பு. அதைப் படிச்சப்போ நானும் ஸ்ரீரங்கத்தானும் ஒரே கூடையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற காட்சிதான் ஞாபகம் வந்தது. தட்டில் என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிற உரிமைன்னு வந்தா, ஊரில் அடிச்சுக்கிறவங்ககூட ஒரே வரிசையில்தான் நிக்கணும். இங்கேயும் சைவக்காரங்க, யூதர்கள், நாங்கன்னு மூணு பேரும் தனித்தனியாக் கேட்பதை ஒண்ணாக் கேட்டா நடக்கும்னு நம்பறேன்.

சட்டம் மாறுறவரைக்கும் பசியோட இருக்க முடியாதே. என்னைப் போலப் புதுசா வர்றவங்களுக்கு நான் இப்போ பின்பற்றுவதைச் சொல்றேன்.

1. அந்தப் பட்டியலைக் கைபேசியிலிருந்து அழிங்க. முதல் வேலை இதுதான்.

2. எண்களுக்கு முன்னாடி நாலு சொல்லைக் கத்துக்கோங்க. "ஷ்வைன்" என்றால் பன்றி. "ஷ்மால்ட்ஸ்" பன்றி நெய், "ஷ்பெக்" பன்றிக்கொழுப்பு இறைச்சி. "ஷ்பைஸெகெலட்டினெ" மேலே சொன்னதுதான். "ப்ஃப்லான்ஸ்லிஷ்"னு இருந்தா தாவரம், நிம்மதி.

3. மஞ்சள் நிற வி-லேபிள் குறி, அல்லது வீகன்னு எழுதியிருந்தா விலங்குக் கவலை தீர்ந்தது. சாராயம் சேர்த்திருக்கான்னு மட்டும் தனியாப் பார்த்துக்கோங்க. வீகன் கேக்கிலும் ரம் இருக்கலாம்.

4. மூலம் தெரியாதது ஒரு சின்ன வரிசைதான். ஈ471, ஈ472 வகைகள், ஈ422, ஈ570, ஈ631, ஈ920 மாதிரி. நீங்க அடிக்கடி வாங்குற பொருள் பத்துப் பதினஞ்சுதான் இருக்கும். அதில் இவை இருந்தா கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க. கேட்டாப் பெரும்பாலும் பதில் சொல்றாங்க. தேதியோட குறிச்சு வையுங்க, செய்முறை மாறலாம்.

5. பதில் வர்றவரைக்கும் உங்களுக்குச் சந்தேகமா இருந்தா வாங்காதீங்க. தப்பே இல்லை.

அஞ்சாவதோட முடிச்சிருக்கலாம். ஆனா அங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன்.

சந்தேகமானதை நான் விடுறது பேணுதல். அது எனக்கும் என் ரப்புக்கும் நடுவில் இருக்கிற விஷயம். அடுத்தவன் தட்டைப் பார்த்து "அது ஹராம்"னு சொல்றது தீர்ப்பு. தீர்ப்புக்கு ஆதாரம் வேணும். "எனக்கு நிச்சயமாத் தெரியலை, அதனால நான் சாப்பிடுறதில்லை"ன்னு நான் அன்னைக்குச் சொல்லியிருந்தா அது உண்மையாவும் இருந்திருக்கும், யாரையும் புண்படுத்தியும் இருக்காது. நான் சொன்னதோ "பன்னிக்கொழுப்பு". தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். ஹராமை ஹலால்னு சொல்லிடுவோமோங்கிற பயத்தில் நாம எல்லாரும் நடுங்குறோம். ஹலாலை ஹராம்னு சொல்லிடுவோமோன்னு எத்தனை பேருக்குப் பயம் வருது? எனக்கு வந்ததில்லை. அதையும் மார்க்கம் கண்டிச்சுத்தான் இருக்குன்னு சின்ன வயசில் மதரசாவில் படிச்சவன்தான் நான்.

இன்னொண்ணும் கவனிச்சிருக்கேன். இந்த எண் விளையாட்டில் கெட்டிக்காரங்களா இருக்கிற எங்கள்ல பலர், பொய்க் கணக்கு எழுதி வேலை நேரத்தைக் கூட்டிக் காட்டுறதிலோ, சேர்ந்து செஞ்ச அசைன்மெண்ட்டில் அடுத்தவன் உழைப்பைத் தன் பேரில் போட்டுக்கிறதிலோ அந்தக் கறாரைக் காட்டுறதில்லை. அந்தக் காசில் வாங்கின ரொட்டியில் ஈ471 எதிலிருந்து வந்தா என்ன? இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லலை. கண்ணாடி முன்னாடி நின்னுதான் சொல்றேன்.

கம்பெனி பதிலை எடுத்துக்கிட்டு ஜூலைக் கடைசியில் அந்தத் தம்பி அறைக்குப் போனேன். கிடங்கு வேலை முடிஞ்சு வந்து படுத்திருந்தான். படிச்சுக் காட்டினேன். "நான் விசாரிக்காமச் சொல்லிட்டேன், மன்னிச்சுடு தம்பி"ன்னு சொன்னேன். கோபப்படுவான்னு நினைச்சேன், திட்டியிருந்தா மனசு லேசாகியிருக்கும். அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

"பரவாயில்லை அண்ணே. அந்தப் பதினொண்ணும் நஃபிலாப் போகட்டும். அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லிடறேன். அவங்க இன்னும் அதையே நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

அம்மாவரைக்கும் போயிருக்குன்னு எனக்கு அப்போதான் தெரியும்.

மாமாவுக்கும் எழுதினேன். குழுவிலேயே, எல்லாரும் பார்க்கிற மாதிரி, ஈ100 மஞ்சள்தான்னு ஆரம்பிச்சு மரியாதையா விளக்கி எழுதினேன். ரெண்டு பேர் கட்டைவிரல் காட்டினாங்க. மூணாவது நாள் அதே பட்டியல் அதே குழுவில் மறுபடியும் வந்தது, வேறொரு சொந்தக்காரர் கையால். "அனைவருக்கும் பகிரவும்."

டிஸ்கி: நான் ஆலிம் இல்லை, கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவன். கூடும், கூடாதுங்கிறதுக்கு உங்க ஆலிமைக் கேளுங்க. எதிலிருந்து வந்ததுங்கிறதுக்குக் கம்பெனியைக் கேளுங்க. பட்டியலை மட்டும் கேட்காதீங்க.